எட்டுக் கட்டில், பதினாறு மீன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ கேட்பதற்கெல்லாம் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று நீதானே திட்டினாய்? விடுதியில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தாளில்தான் வாய் வரும்.

டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்து இன்றோடு ஆறு வாரம். எட்டுக் கட்டில் போட்ட நீளமான ஹால். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார்கள். ரெக்கார்டு மேஜை ஹாலின் கோடியில். ஃபைல்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பெரிய டாக்டர், "இவங்கல்லாம் நாலு மணி நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க. ஒரு மீன் தொட்டி வைக்கலாம். நல்ல கலரா, துறுதுறுன்னு. சிக்லிட்னு சொல்றாங்களே, அது. யாருக்குத் தெரியும்?" என்றார். தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அண்ணன் உடனே, "நம்ம ரெக்கார்டுப் பொண்ணு விலங்கியல் படிச்சிருக்கு சார்" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது.

அண்ணா, எனக்குத் தெரிந்த மீனெல்லாம் ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் மருந்துத் தண்ணீரில் மிதந்தவை. நாலடித் தொட்டி வேண்டுமாம். தண்ணீரும் கல்லும் மணலும் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் வருகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மூலை விட்டுப்போனால்? பக்கத்திலேயே எட்டு இயந்திரம் கரண்டில் ஓடுகிறது, எட்டிலும் ஆள் படுத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. நீ கண்ணாடிக் கடையில் இருப்பதால் கேட்கிறேன். எந்தக் கண்ணாடி போட்டால் உடையாது?

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
பூச்சி


ஜூன் 10

ஏ வாயில்லாப் பூச்சி,

கடுதாசி வந்துச்சு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "மீனுக்குத் தீனி போடவா இவளை அவ்வளவு படிக்க வெச்சே?"ன்னு என்னைத் திட்டுது. நம்ம குடும்பத்துல முதல் டிகிரி, போய் ஹால்ல மீன் மேய்க்குது. நல்லா இரு.

உடையாத கண்ணாடின்னு ஒண்ணு கிடையாது. ஆனா கண்ணாடி சும்மாவும் உடையாது. ஓரத்துல மயிரளவு ஒரு கீறல் இருக்கும். அதைப் பாக்காம விட்டா ஒரு நாள் படார்னு போகும். அதனால வெளியில எங்கயும் வாங்காதே, நானே ஒட்டித் தரேன். ஓரத்தையெல்லாம் நானே தேச்சு, விரலால தடவிப் பாத்துட்டுத்தான் ஒட்டுவேன். நாலடிக்கு எட்டு எம்.எம். போதும்னு சொல்லுவாங்க. நான் பத்து போடறேன். அந்த ரெண்டு எம்.எம். உன் பயத்துக்கு.

கடையில மூணு நாள் தண்ணி ரொப்பி வெச்சுப் பாத்துட்டு அனுப்பறேன். அடியில தெர்மாகோல் ஷீட் போடு. கல்லை முதல்ல அடிக் கண்ணாடி மேல உக்கார வெச்சிட்டு அப்புறம் மணலைக் கொட்டு. முன்னாடி தொட்டி வாங்கிட்டுப் போன ஒருத்தர் சொன்னார், இந்த மீனுங்க மணலைத் தோண்டிக்கிட்டே இருக்குமாம். மணல் மேல கல்லை அடுக்கினா ஒரு நாள் சரிஞ்சு கண்ணாடியில இடிக்கும். வொயரை சுவிட்சுக்குக் கீழே தொங்கல் விட்டு மாட்டு. தண்ணி வழிஞ்சு வந்தாலும் அந்தத் தொங்கல்ல சொட்டிடும், சுவிட்சுக்கு ஏறாது.

வேன்ல நானே வந்து இறக்கி வெச்சிடறேன். இங்க நாள் பூரா நின்ன வேலை. இடுப்பு பழைய பாட்டையே பாடுது. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாத்திரை போட்டா வண்டி ஓடுது. செருப்பு வேற சின்னதாப் போச்சு, வார் வெட்டுது. முப்பத்தி நாலு வயசுல எவனாவது வளருவானா? நான் வளர்றேன்.

உன் அண்ணன்


ஜூன் 26

அன்புள்ள அண்ணா,

தொட்டி பத்திரமாக வந்தது. நீ வரவில்லை.

வேன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். டிரைவரும் இரண்டு பையன்களும்தான் இறங்கினார்கள். "உங்கண்ணன் ஏத்தும்போதே உக்காந்துக்கிட்டுத்தாம்மா யோசனை சொன்னாரு" என்றார் டிரைவர். நீ கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இடுப்பு அவ்வளவு மோசமா?

நீ சொன்னபடியே தெர்மாகோல், கல், மணல், வொயர்த் தொங்கல். அடுத்தது மீன் கடை. கடையை நடத்துவது ஓர் அக்கா. ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். நாலு கேட்டேன். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த அக்கா நல்லவர். ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒன்றைப் பிழிந்து கொடுத்து, "இதை உன் ஃபில்டர்ல போடு. கண்ணுக்குத் தெரியாத கிருமி இதுல குடியிருக்கு. மீனோட கழிவைத் தின்னுறது அதுதான். தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு நாலு வாரம் சும்மா ஓட விடு. அவசரப்பட்டு மீனை விட்டா அதோட கழிவே அதைக் கொன்னுடும்" என்றார்.

தண்ணீருக்கு டெக்னீஷியன் அண்ணனே முன்வந்தார். பின்னறையில் டயாலிசிஸுக்கு என்று சுத்திகரிக்கும் தண்ணீர். "மனுஷ ரத்தத்தைக் கழுவுற தண்ணி இது. இதைவிட சுத்தமா இந்த ஊர்லயே கிடையாது. உன் மீன் குடுத்து வெச்சது" என்று பெருமையாகக் குழாய் போட்டு ரொப்பினார்.

இப்போது தொட்டியில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். "ஏம்மா, மீன் ரொம்பக் கூச்சப்படுதோ, உன்னை மாதிரி?" என்று ஆறாம் நம்பர் தையல்காரர் கேட்டார். சிரித்தேன். உள்ளுக்குள் நாலு மூலையையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் வந்ததும் முதலில் தரையைத் தடவிப் பார்க்கிறேன், ஈரம் இருக்கிறதா என்று.

பூச்சி


ஜூலை 3

பூச்சி,

தரையைத் தடவறதை நிறுத்து. கூட்டறவங்கன்னு நெனச்சு விளக்கமாத்தைக் கையில குடுத்துடப் போறாங்க. நான் ஒட்டின தொட்டி ஒழுகாது.

வரலாம்னுதான் இருந்தேன். அவசர வேலை வந்துடுச்சு. டிரைவருக்கு வாய் நீளம். தண்ணியைச் சும்மா ஓட விடறதும் ஒரு வேலைன்னு இப்பத்தான் கேள்விப்படறேன். மீன் வந்ததும் ஒண்ணு விடாம எழுது. அம்மா தினம் கேக்குது.

அண்ணன்


ஜூலை 27

அன்புள்ள அண்ணா,

மீன் வந்துவிட்டது. ஒரு தப்பும் செய்துவிட்டேன்.

"இதுங்க ரவுடிப் பசங்கம்மா. நாலஞ்சு விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடும். கூட்டமா, ஒரே நாள்ல விடு. அப்பத்தான் அடி பங்கு பிரியும்" என்றார் கடை அக்கா. மஞ்சள், நீலம், வெளிறிய ஆரஞ்சு என்று அவரே பொறுக்கினார். பெட்டைகள் அதிகம், ஆண் மீன் மூன்றே மூன்று. பையோடு தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, கடைசியில் வலையால் எடுத்து விட்டேன். வலையைத் திருப்பும்போது ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது. சிஸ்டர் கையுறையோடு அள்ளிப் போட்டார்.

முதலில் மீனெல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஒவ்வொன்றும் ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் தலையைத் தூக்கிவிட்டார்கள். தையல்காரர்தான் தொடங்கிவைத்தார். "அந்த மஞ்சள் என்னோடது. வந்ததுலேருந்து என்னையே பாக்குது." மூன்றாம் நம்பர் கணக்கு டீச்சர், "அந்தப் பெரிய நீலம் எனக்கு. சண்டைக்காரன். எங்க வீட்டுக்காரர் மாதிரியே முறைக்கிறான்" என்றார். மறுநாள் வந்த எட்டுப் பேரும் மீதியை எடுத்துக்கொண்டார்கள். எட்டாம் நம்பர், டைல்ஸ் ஒட்டும் வேலை செய்தவர், முப்பத்தெட்டு வயதுதான், "எனக்கு வேணாம். செத்துட்டா மனசு கேக்காது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மிச்சமிருந்த ஆரஞ்சை அவர் தலையில் கட்டினார்கள்.

என் தப்பு என்னவென்றால், நான் எண்ணவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு எட்டுப் பேராகக் காலையில் வருபவர்கள் பதினாறு பேர். நான் வாங்கியது பதினாறு மீன். இருபது வாங்கியிருந்தால் யாருடையது எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது ஆளுக்கொன்று. வந்து படுத்ததும் முதலில் தங்கள் மீனைத் தேடுகிறார்கள். இருந்தால்தான் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்கிறார்கள். ஒன்று செத்தால் நான் அந்த ஆளிடம் என்ன சொல்வேன், அண்ணா?

பூச்சி


ஆகஸ்ட் 9

அண்ணா,

செத்துவிட்டது. இரண்டு.

ஒரு வாரமாகவே சரியில்லை. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஒதுங்கின. மூச்சு வாங்கின. தீனியை வாயில் எடுத்துத் துப்பின. திங்கட்கிழமை நான் கதவைத் திறந்தபோது தையல்காரரின் மஞ்சளும் இன்னொன்றும் ஃபில்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் வர இருபது நிமிஷம் இருந்தது. கையுறையில் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, அதே அளவில் அதே நிறத்தில் இரண்டு வாங்கி வந்து விட்டுவிட்டேன். தையல்காரர் வந்தார், பார்த்தார், படுத்தார். ஊசிக்குக் கையை நீட்டினார்.

புதன்கிழமை அவர் வரவில்லை. கட்டில் காலியாக இருக்க இருக்க, அந்த மீனை நான்தான் கொன்றேன், அவரையும் சேர்த்து, என்று தோன்றியது. படித்தவள் எழுதும் எழுத்தா இது என்று திட்டாதே. மதியம் வந்து நின்றார். பேத்தி பள்ளிக்கூடத்தில் ஏதோ நாடகமாம், நேரத்தை மாற்றிக் கேட்டிருந்தாராம். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மீதி மீன்களும் ஒதுங்கத் தொடங்கிவிட்டன. ஏன் என்று தெரியவில்லை.

பூச்சி


ஆகஸ்ட் 14

பூச்சி,

நீ செஞ்சதுதான் சரி. ஆறாம் நம்பர்கிட்ட மூச்சு விடாதே. தெரியாத வரைக்கும் அவருக்கு மீன் உயிரோடதானே இருக்கு? தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? தெரியாம இருக்கறதும் ஒரு மருந்துதான், எந்தக் கடையிலயும் கிடைக்காத மருந்து.

மீன் செத்தா மீன்தான் செத்துச்சு. நீ சாகாதே.

இங்க எல்லாம் நல்லபடி. அம்மா உன் கையெழுத்து கோணலாப் போச்சுன்னு கவலைப்படுது. அதுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கோணல் தெரியுது.

அண்ணன்


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணா,

முதலில் மீன் செய்தி. பிழைத்துவிட்டன. கொன்றது சுத்தம்தான்.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடை அக்காவிடம் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, தண்ணியில ஒண்ணுமே இல்ல?" "ரொம்ப சுத்தமான தண்ணி அக்கா." "அதாம்மா வினை. பாறை ஏரியில பொறந்த மீன் இது. சுண்ணாம்பும் உப்பும் கலந்த கல்லுத் தண்ணியிலதான் வாழும். நீ வெறும் தண்ணியில விட்டிருக்கே, அது நாளுக்கு நாள் புளிச்சுப் போயிருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" அன்று மடித்து வைத்த தாள் பையிலேயே இருந்தது. ஐந்தாவது கேள்வி: எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீர் வேண்டும் என்று டெக்னீஷியன் அண்ணனிடம் போய் நின்றேன். கொதித்துவிட்டார். "அந்தக் கல்லுத் தண்ணி மனுஷங்க பக்கம் வராம தடுக்கத்தான் எனக்குச் சம்பளமே. அதையே கொண்டாந்து ஹால் நடுவுல வைக்கச் சொல்றியா?" அண்ணா, நான் பதில் சொன்னேன். "இது மனுஷங்களுக்கு இல்ல அண்ணா, மீனுக்கு. உங்க தண்ணி நல்ல தண்ணி. இதுங்களுக்கு ஒத்துக்கல." குரல் கீச்சென்றுதான் வந்தது, ஆனால் வந்தது. தினம் ஒரு வாளியாக மாற்றினோம். சிப்பித் தூளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தோம். ஐந்தாம் நாள் கணக்கு டீச்சரின் நீலம் வெளியே வந்து எல்லோரையும் விரட்டியது. டீச்சர் கைதட்டப் போனார், ஊசிக் கையை சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

இனி மற்றது.

தையல்காரர் என்னைக் கூப்பிட்டார். "என் மஞ்சளுக்கு வாலோரத்துல ஒரு வெட்டு இருந்துச்சும்மா. துணி வெட்டுற கண்ணு, தப்பாது. இதுக்கு அது இல்ல. செத்துடுச்சா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "செத்தா செத்துடுச்சுன்னு சொல்லணும்மா. இங்க படுத்திருக்கிற எல்லாருக்கும் முன்னாடியே யாராவது நேரா சொல்லியிருந்தா பாதிப் பேர் இங்க வந்திருக்கவே மாட்டோம். நாமளும் பயந்துக்கிட்டுக் கேக்கல, பாத்தவங்களும் பயந்துக்கிட்டுச் சொல்லல."

மேஜைக்குத் திரும்பி எட்டாம் நம்பர் டைல்ஸ்காரரின் ஃபைலை எடுத்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்துதான், நான் பதிந்தது. மூட்டு வலி, ஆறு வருடம், தினம் இரண்டு வலி மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல். பிறகு கால் வீக்கம். செருப்பு கொள்ளவில்லை.

பதிந்த அன்று நான் உன்னை நினைக்கவில்லை. இப்போது திரும்பப் படித்ததும் உன்னை நினைத்தேன். அதனால் நேராகக் கேட்கிறேன். எத்தனை வருடமாக அந்த மாத்திரை போடுகிறாய்? பெயர் என்ன? உன் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்திப் பார். எடுத்த பிறகு குழி நிற்கிறதா? நான் ஒட்டிய தொட்டி ஒழுகாது என்கிறாய். ஒவ்வொரு ஓரத்தையும் தடவிப் பார்க்கிறவன் நீ. உன் காலை ஒரு தடவை தடவிப் பார்.

பூச்சி


ஆகஸ்ட் 31

தங்கச்சிக்கு,

நாலு ஃபைல் பாத்ததும் டாக்டரம்மா ஆயிட்டியா? ஊர்ல இருக்கிறவன் காலெல்லாம் உனக்கு அந்த ஹால்ல படுத்திருக்கிறவன் கால் மாதிரியே தெரியுது. மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டா எல்லாம் மஞ்சத்தான்.

இடுப்பு வலிக்கு மாத்திரை போடாத தொழிலாளி ஒருத்தனைக் காட்டு. மாத்திரை இல்லாம நான் எப்படி நிக்கறது? நான் நிக்கலேன்னா யார் நிக்கறது? உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. அம்மா இருக்கு.

அம்மா கிட்ட இதையெல்லாம் கேட்டு வைக்காதே. போன வாரமே "கால் என்னடா மாவு மாதிரி அமுங்குது"ன்னு அது ஆரம்பிச்சது, அதட்டி உக்கார வெச்சிருக்கேன்.

மீனைப் பத்தி எழுதறதா இருந்தா எழுது. இல்லேன்னா வேணாம்.

அண்ணன்


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணா,

மீனைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மஞ்சள் பெட்டை ஒன்று பத்து நாளாகத் தீனியைத் தொடவில்லை. தாடை உப்பி, மூலையில் தனியாக நின்றது. அது டைல்ஸ்காரருக்கு அடுத்த கட்டில் அம்மாவுடையது. அவரும் கொண்டுவந்த டிபனைத் தொடாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நான் மருந்து ஊற்றப் போனேன். நல்லவேளை, இந்தத் தடவை கேட்டுவிட்டு ஊற்றலாம் என்று கடை அக்காவிடம் போனேன். "நோயில்லம்மா. குஞ்சு வெச்சிருக்கு, வாய்க்குள்ள. மூணு வாரம் பட்டினி கெடக்கும்" என்றார். வாயைத் திறந்து தின்றால் குஞ்சுகள் போய்விடும் என்று அது மெலிந்துகொண்டே நிற்கிறது, அண்ணா. பார்க்கப் பார்க்க எனக்கு உன் மேல் கோபம் வருகிறது. எங்கள் இருவரையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பாய்?

"மாவு மாதிரி" என்று உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காம்மா, நல்லா இருக்கான்" என்று ஒரே மூச்சில் சொன்னார். பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினாயா?

ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. கால் மணி நேரம். முடிவு வரும் வரைக்கும் இதைப் பற்றி ஒரு பேச்சும் பேச மாட்டேன். நீ போகவில்லை என்றால் லீவு கிடைக்காவிட்டாலும் கிளம்பி வருவேன். வேலை போனால் போகட்டும். இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பூச்சி


செப்டம்பர் 21

அண்ணா,

பதில் இல்லை. போனை எடுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் நோயாளியின் பெயரைப் பதியும் முன் ஊரைப் பார்க்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பூச்சி


செப்டம்பர் 25

பூச்சி,

போனேன். லேப் பொண்ணு உன் வயசுதான் இருக்கும். ஊசியைப் பாத்ததும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். "இவ்வளவு பெரிய ஆளு!"ன்னு சிரிச்சுது. சிரிக்கட்டும்.

கவரைப் பிரிச்சேன். நம்பர் நம்பரா இருக்கு. ஒண்ணு பக்கத்துல மட்டும் தடிச்ச எழுத்துல நட்சத்திரம் போட்டிருக்கு. அதுக்கு மேல பாக்கல. மடிச்சு இதோட வெச்சிருக்கேன்.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். போன வருஷமே எங்க கடைத்தெருவுல முகாம் போட்டு ரத்தம் எடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நீ அப்போ பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தே. அப்புறம் வேலை தேடிக்கிட்டு இருந்தே. சரி, உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், போலாம்னு இருந்தேன். கிடைச்சுது பாரு, உலகத்துல வேற இடமே இல்லாத மாதிரி அந்த ஹால்ல. தொட்டியை இறக்க நான் வராததுக்கு அதான் காரணம். இடுப்பும் இல்ல, அவசர வேலையும் இல்ல. அந்த மெஷினைப் பாக்க எனக்குத் தைரியம் வரல. வேன்ல ஏறி உக்காந்துட்டு இறங்கிட்டேன்.

மாத்திரை ஏழு வருஷமா. பேர் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

இப்ப நீ படி. படிச்சதை அப்படியே எழுது. தையல்காரருக்கு மீனை மாத்தி வெச்ச மாதிரி எனக்கு நம்பரை மாத்தி எழுதிடாதே. நான்தான் சரின்னு சொன்னேன். அது தப்பு.

அண்ணன்


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணா,

கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

நட்சத்திரம் போட்ட எண் கிரியேட்டினின், சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கும் கழிவின் அளவு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உனக்கு மூன்று புள்ளி ஒன்று. சிறுநீரில் புரதம் போகிறது, நிறைய. ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை.

பெரிய டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். யாரும் கூப்பிடாமல் நானாகத் தட்டியது இதுதான் முதல் முறை. யாருடைய ரிப்போர்ட் என்று கேட்டார். என் அண்ணனுடையது என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். "பாதிக்கு மேல போயிருக்கும்மா. அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்தச் சொல்லு. இன்னைக்கேன்னா இன்னைக்கே. பிரஷர் பாக்கணும், ஸ்கேன் பாக்கணும். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார். "டயாலிசிஸ் வருமா சார்?" என்று கேட்டேன். "இப்ப தேவையில்ல. எப்பவுமே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொன்ன வார்த்தைகள் இவ்வளவுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இடுப்புக்கு வேறு வழி சொல்வார். நின்று செய்யும் வேலை முன்போல் முடியாது. வீட்டை யார் பார்ப்பது என்று நீ கேட்பாய். எனக்கும் இப்போது பதில் தெரியவில்லை. சேர்ந்து யோசிக்கலாம், இனி நீ தனியாக யோசிக்காதே.

இரண்டு நாள் லீவு கேட்டேன். டாக்டர் கொடுத்தார். தொட்டியை யார் பார்ப்பார்கள் என்று நான் இழுத்தபோது, "நான் பாத்துக்கறேன், போ. வாளி, போர் தண்ணி, எல்லாம் எனக்குப் பாடம்" என்று டெக்னீஷியன் அண்ணன் அதட்டினார். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன், மதியம் வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக இங்கே வருகிறோம். டாக்டரின் அறைக்கு ஹால் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி இல்லையா என்று பார்த்தேன், இல்லை. நான் உன் இடதுபக்கம் நடந்து வருவேன். இயந்திரங்கள் இடதுபக்கம் இருக்கின்றன.

அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். நீ அதட்டாதே.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒரு வார்த்தையை எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது "பயப்படாதே". எனக்கே இவ்வளவு பயமாக இருக்கும்போது உன்னிடம் அதைச் சொல்வது பொய் என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை வருகிறேன்.

உன் தங்கை,
பூச்சி